செருப்பு பொய் சொல்லாது

எங்கள் ஊருக்குக் கோடையில் வருகிறவர்கள் சுற்றுலாத் தகவல் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் மூன்றே மூன்று கேள்விதான் கேட்பார்கள். கழிவறை எங்கே, நல்ல காபி எங்கே, திமிங்கலம் எங்கே. திமிங்கலம் குளிர்காலத்தில்தான் வரும், எங்களுக்குக் கோடையான ஜனவரியில் அது தெற்கே பனிக்கடலில் இருக்கும் என்று பதினேழு வருஷமாகச் சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ந்துவிட்டது. அப்புறம் வரைபடத்தை மேசைமேல் விரித்துப் பச்சைப் பேனாவால் மூன்று வட்டம் போடுவேன். இது கடலோர நடைபாதை, கெட்டில் விரிகுடா வரைக்கும் ஒன்பது கிலோமீட்டர். இது மேட்டுத் திராட்சைத் தோட்டம், ஒயின் ருசி பார்க்கலாம். இது கடைத்தெரு, ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். நான் பேனாவை மூடி வைப்பேன்.

ஊருக்குத்தான் உபதேசம். அந்த நடைபாதையில் நான் முதல் வளைவைத் தாண்டியதில்லை. அந்தத் தோட்டத்தில் ஒரு மடக்கு குடித்ததில்லை. போர்ட் ஹாலிஸில் முப்பத்தொரு வருஷம் குடித்தனம் செய்துவிட்டேன், ஒரு நாள்கூட அங்கே விடுமுறைக்கு வந்தவளாக இருந்ததில்லை.

என் பெயர் மெரின். என் கணவன் லைல். சிங்க இறால் பிடிக்கிற படகு வைத்திருந்தான், நாலு வருஷத்துக்கு முன்னால் விற்றுவிட்டான். முப்பது வருஷம் கடலில் பேச ஆளில்லாமல் இருந்தவன் கரைக்கு வந்தும் அதே மாதிரிதான் இருந்தான். காலையில் எழுந்து கார் கொட்டகைக்குப் போவான், ரேடியோவில் கிரிக்கெட் போடுவான், எதையாவது ராவிக்கொண்டு இருப்பான். நான் எதைச் சொன்னாலும் கிணற்றில் போட்ட கல். "டீ வேணுமா?" "ம்." "மாடி ஓடு ஒழுகுது." "ம்." "நான் நாளைக்குச் சந்திரனுக்குப் போறேன்." "சரி." இது வேடிக்கைக்குச் சொல்வதில்லை, ஒரு நாள் நிஜமாகவே சொல்லிப் பார்த்தேன்.

சண்டை போடுகிற கணவனோடு வாழலாம், அடுத்த அறையில் யாரோ இருக்கிறார்கள் என்பதாவது தெரியும். எனக்கு அதுவும் தெரியாமல் போய்விட்டது. அடிலெய்டில் இருக்கிற என் தங்கை ராஸ்லினிடம் கிறிஸ்துமஸ் அன்று இதைச் சொல்லி அழுதேன். அவள் நீட்டி முழக்குகிறவள் இல்லை.

"வந்துடு மெர். பின்னறை சும்மாதான் கிடக்கு. ஜனவரி பத்தொம்பது, வியாழக்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுவேன். வரேன், வரல, ரெண்டுல ஒண்ணு சொல்லு. வரலைன்னா அதை நர்சிங் படிக்கிற ஒரு பொண்ணுக்கு விட்டுடுவேன்" என்றாள்.

அந்த வியாழக்கிழமைதான் இது. காலையில் கண் விழித்தபோது மனசில் இருந்த கேள்வி ஒன்றுதான். நான் இல்லாமல் போனால் எத்தனை நாள் கழித்து இவனுக்குத் தெரியும்? ரொட்டி தீர்ந்தால் தெரியும், அதாவது சனிக்கிழமை.

தினமும் காலை ஆறரைக்கு நாங்கள் ஒன்பது பேர் கடற்பாலத்தைச் சுற்றி நீந்துவோம். எங்களுக்கு நாங்களே வைத்துக்கொண்ட பெயர் மத்திக் கூட்டம். ஐம்பத்தெட்டு வயதில் நான்தான் அதில் குட்டி மத்தி. தலைவி நெரிடா, பழைய தலைமை ஆசிரியை, கழுத்தில் இன்னும் விசில் தொங்கும். பாலத்தின் படிகளில் சிப்பி ஒட்டிக் கிடப்பதால் எல்லாரும் செருப்போடுதான் இறங்குவோம். தண்ணீர் தொடாத படியில் செருப்பை வரிசையாக விட்டுவிட்டுக் குதிப்போம். திரும்பி வருகிறவர் தன் செருப்பைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். கடைசியாக ஏறுகிறவர் படியைப் பார்க்க வேண்டும். ஒரு ஜோடி மிச்சம் இருந்தால் ஒரு ஆள் கடலில் இருக்கிறார், உடனே மீட்புப் படகைக் கூப்பிட வேண்டும். இது நெரிடா போட்ட சட்டம். துண்டை எண்ணலாமே என்று யாரோ ஒருமுறை கேட்டதற்கு, "துண்டு காத்துல பறக்கும். செருப்பு பொய் சொல்லாது" என்று முடித்துவிட்டாள்.

அன்று கடல் அசையவே இல்லை. நான் பாலத்தின் முனைவரை போகாமல் பாதியில் மல்லாந்து மிதந்தேன். காது தண்ணீருக்குள் இருந்தது. என் மூச்சு எனக்கே கேட்டது. வானத்தில் பகல் நிலா ஒன்று கரைந்து போகாமல் நின்றுகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ, முதுகில் மணல் தட்டியபோதுதான் தெரிந்தது, நீரோட்டம் என்னைப் பாலத்தை விட்டு விலக்கி மெதுவாகக் கரையில் கொண்டு வந்து போட்டிருக்கிறது. எதிரிலேயே கைப்பிடிக் கம்பியில் என் துண்டும் பருத்தி கவுனும் துணிப்பையும் தொங்கின. கவுனை ஈரத்தின்மேலேயே மாட்டிக்கொண்டேன். மற்றவர்களின் சிவப்புத் தொப்பிகள் பாலத்தின் முனையில் சின்னதாகத் தெரிந்தன.

செருப்பை எடுக்கத்தான் திரும்பினேன், சத்தியமாக. ஆனால் மணல் அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. ஒரு நிமிஷம் நடந்துவிட்டு வரலாம் என்று எதிர்ப்பக்கம் நடந்தேன். மணல் முடிகிற இடத்தில் கட்டைக் கம்பம், அதில் கெட்டில் விரிகுடா ஒன்பது கிலோமீட்டர் என்று எழுதியிருந்தது. அந்தக் கம்பத்துக்குப் பச்சை வட்டம் போட்டுப் போட்டு எத்தனை ஆயிரம் பேரை அனுப்பியிருப்பேன். அன்று எனக்கு அலுவலக விடுப்பு. பையில் ரொட்டி வாங்க வைத்த ஐம்பது டாலர் இருந்தது. போன் வீட்டில் சமையல் மேடைமேல் கிடந்தது. செருப்பைப் பற்றிய நினைப்பு அந்தக் கம்பத்தோடு என் தலையிலிருந்து போய்விட்டது.

வெறுங்காலோடு ஒன்பது கிலோமீட்டரா என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் பாதிப்பேர் கோடையில் வங்கிக்கே வெறுங்காலோடு போவார்கள். நெருஞ்சி முள்ளுக்கு மட்டும்தான் பயம், அதனால் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தேன்.

பாதை முதலில் கடலை ஒட்டிப் போனது. பிறகு சவுக்கு மரங்களுக்குள் நுழைந்தது. காற்று இருக்கிறது என்று தெரியாத அளவுக்குத்தான் காற்று, ஆனாலும் சவுக்கு இலைகள் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு ஓயாமல் முணுமுணுத்தன. கீழே உதிர்ந்த ஊசி இலைகளில் கால் புதைந்தது. நீல வால் குருவி ஒன்று எனக்கு முன்னால் தத்தித் தத்திப் போய், நான் நெருங்கியதும் நகர்ந்து, நான் நின்றதும் நின்றது. நான் யார் என்று யாருக்கும் தெரியாத இடத்தில் நடப்பதுபோல் இருந்தது. என் வீட்டிலிருந்து இரண்டு மைல்கூட இல்லை.

மரங்கள் முடிந்து மேட்டில் ஏறினால் ஒரு பக்கம் செம்மறி மேயும் காய்ந்த மஞ்சள் புல்வெளி, இன்னொரு பக்கம் கடல். வெயில் ஏற ஏற இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு கலங்கிப் போனது. ஆடுகள் கடலில் நிற்பதுபோலக்கூட ஒரு சமயம் தெரிந்தது. உட்கார்ந்தேன், எழுந்தேன், நடந்தேன். மணி என்ன என்று பார்க்கக் கையில் ஒன்றுமில்லை. நாலாவது கிலோமீட்டரில் ராஸ்லினிடம் வருகிறேன் என்று சொல்லிவிட முடிவு செய்தேன். அவள் வீட்டுப் பின்னறையில் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்றுகூட யோசித்துவிட்டேன். ஆறாவது கிலோமீட்டரில், படகில் இருந்த காலத்தில் லைல் வீட்டுக்கு வரும்போது வந்துவிட்டேன் என்று சொல்வதற்குப் பதிலாக வாசலில் நின்று இரண்டு தடவை தும்முவானே, அது நினைவுக்கு வந்து சிரித்தேன். சிரித்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது. தும்மலை நம்பி ஒருத்தி எத்தனை வருஷம் இருக்க முடியும்? முப்பத்தொரு வருஷமும் நான் தனியாகத்தான் இருந்திருக்கிறேன் என்று சத்தமாகச் சொன்னேன். கேட்க ஆடுகள் மட்டும்தான் இருந்தன. சொன்னபிறகு நெஞ்சு லேசாகிவிட்டது, அழுகையும் வந்தது.

கெட்டில் விரிகுடாவில் தண்ணீர் பச்சைக் கண்ணாடி. முழங்கால்வரை நின்றுவிட்டு, மண் சாலையில் மேலே ஏறினேன். வேலிக்கு அந்தப் பக்கம் திராட்சைக்கொடிகள் வெள்ளை வலைக்குள் வரிசை வரிசையாக மூடிக் கிடந்தன. ஜனவரியில் பழம் நிறம் மாறும்போது குருவிகள் விடாது, அதனால் வலை போடுவார்கள். வலைக்குள் சிக்காத ஒரு கொத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பாதி பச்சை, பாதி கருநீலம். ஒன்றைப் பறித்துத் தின்றேன். புளிப்பில் கண் மூடிக்கொண்டது.

ஒயின் ருசி பார்க்கிற இடம் பழைய ஆட்டுமயிர் வெட்டும் கொட்டகை. உள்ளே குளிர்ச்சியாகவும் இருட்டாகவும் இருந்தது. மேசைக்குப் பின்னால் டெஸ் என்கிற ஒரு பெண். கோடை வேலைக்குப் புதிதாக வந்தவள்போல, என்னைத் தெரியவில்லை. தெரிந்தவர்களுக்கே என்னை அப்போது தெரிந்திருக்காது. தலைமயிர் உப்பில் விறைத்து நின்றது, கால் முழங்கால்வரை செம்மண்.

"வாங்க வாங்க. எந்த ஊர்லேர்ந்து வரீங்க?"

"அடிலெய்டு" என்றேன். எந்தக் கூச்சமும் இல்லாமல் வந்துவிட்டது பொய்.

"இந்தப் பக்கம் முதல் தடவையா?"

"முதல் தடவைதான்."

"அப்போ இதைக் கையில வச்சுக்குங்க" என்று வரைபடம் ஒன்றை நீட்டினாள். பச்சை வட்டங்கள். நகலெடுத்த என் கையெழுத்து. "கடலோர நடைபாதையை மட்டும் விட்டுடாதீங்க. நான் இன்னும் போனதில்ல, ஆனா எல்லாரும் சொல்றாங்க."

"போய்ட்டு வா கண்ணு" என்றேன். "நாளைக்கே போ. பதினேழு வருஷம் தள்ளிப் போடாத."

அவள் சிரித்துக்கொண்டே ஷிராஸ் என்கிற சிவப்பு ஒயினை ஊற்றினாள். பிளம் பழமும் மிளகும் வரும் என்றாள். அதே வார்த்தையை நானும் விளம்பரத் தாளைப் பார்த்து ஆயிரம் பேரிடம் ஒப்பித்திருக்கிறேன். பிளமும் தெரியவில்லை, மிளகும் தெரியவில்லை. வெயிலில் காய்ந்த மரப்பலகை மாதிரி ஒரு வாசனை, பிறகு தொண்டையில் நிதானமாக இறங்குகிற ஒரு சூடு.

"துப்பணும்னா வாளி இருக்கு" என்றாள் டெஸ்.

"ஒன்பது கிலோமீட்டர் நடந்து வந்தது துப்பவா?"

ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆலிவ் வாங்கிக்கொண்டு வெளியே பெரிய அத்தி மரத்தடியில் உட்கார்ந்தேன். கடைசிவரை தின்றேன். காய்ந்த இலையில் வெயில் புள்ளி புள்ளியாக விழுந்தது. பக்கத்து மேசையில் ஓர் இளம் ஜோடி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்திலேயே நாற்காலியில் சாய்ந்து தூங்கிப்போனேன். கனவில் நான் இன்னும் மிதந்துகொண்டே இருந்தேன். கரை வரவில்லை, வர வேண்டும் என்றும் தோன்றவில்லை.

எழுந்தபோது மர நிழல் அடுத்த மேசைக்குப் போயிருந்தது. டெஸ்ஸிடம் மணி கேட்டேன். நாலு அடிக்கப் பத்து நிமிஷம். ஆறு மணிக்கு ராஸ்லின் கூப்பிடுவாள், எனக்கோ நடக்கக் கால் இல்லை. பக்கத்து மேசை ஜோடி காரில் ஏறிக்கொண்டிருந்தது. போர்ட் ஹாலிஸில் இறக்கிவிட முடியுமா என்று கேட்டேன்.

அவன் டோபி, அவள் ஜாரா. கல்யாணமாகி ஆறு மாசமாம், மெல்போர்னிலிருந்து ஒரு வாரம் சுற்ற வந்திருக்கிறார்கள். ஜாரா ஓட்டினாள், டோபி வழி சொன்னான், ஒவ்வொரு திருப்பத்திலும் தப்பாகச் சொன்னான்.

"இடது பக்கம்."

"அது ஒரு ஆட்டுப்பட்டி, டோபி."

"பட்டிக்குப் பின்னாடி ரோடு இருக்கும்."

"உன்னை நம்பிக் கல்யாணமே பண்ணிட்டேன், இனிமே ஆட்டுப்பட்டில விட்டா என்ன" என்றவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். "உங்களுக்குக் கல்யாணமாகி எவ்வளவு வருஷமாச்சு?"

"முப்பத்தொண்ணு."

"அடேயப்பா! என்ன ரகசியம்?"

"அவன் பேச மாட்டான், நான் கேட்க மாட்டேன்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிரிப்பு அடங்கியதும் டோபி சொன்னான். "நீங்க தங்கியிருக்கிற ஊர்ல இன்னைக்குக் காலைல ஒருத்தங்க கடல்ல மூழ்கிட்டாங்களாம், தெரியுமா? நாங்க கிளம்பி வர்றப்போ போலீஸ் நின்னுச்சு. யாரோ ஒரு வயசான அம்மாவாம். பாவம்."

வயசான அம்மா என்றால் மத்திக் கூட்டத்தில் நாலு பேர் உண்டு. நெரிடாவுக்கு எழுபத்திரண்டு, போன வருஷம்தான் இதயத்தில் ஏதோ பொருத்தினார்கள். நான் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அழுதே விட்டேன்.

"தெரிஞ்சவங்களா?" என்று ஜாரா வண்டியை ஓரம் கட்டினாள்.

"எல்லாரையும் தெரியும். பேர் சொன்னாங்களா? கழுத்துல விசில் போட்டிருந்தாங்களா?"

"பேர் தெரியல" என்றான் டோபி. "எல்லாரும் கரைக்கு வந்துட்டாங்களாம், ஒரு ஜோடி செருப்பு மட்டும் படியில மிச்சமாம். பச்சைச் செருப்பு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து என் காலைப் பார்த்தேன். செம்மண் ஒட்டிய பத்து விரல்கள்.

"அந்த வயசான அம்மா நான்தான்" என்றேன். "ஆனா ஐம்பத்தெட்டுதான் ஆகுது. கொஞ்சம் வேகமாப் போம்மா."

எங்கள் ஊரில் பிரசவமோ சாவோ, முதலில் வந்து சேர்வது சாண்ட்விச்தான். கடற்பாலத்தின் தலைமாட்டில் மேசை போட்டு, ஈரத்துணி மூடிய தட்டுகளை அடுக்கியிருந்தார்கள். ஆரஞ்சு நிற மீட்புப் படகு ஒன்று திரும்பி வந்துகொண்டிருந்தது. கடைத்தெருவே பூட்டிவிட்டு வந்து நின்றது. எண்பது வயது க்ளெம், எங்கள் கூட்டத்தில் மூத்த மத்தி, எனக்காகச் செய்த முட்டை சாண்ட்விச் ஒன்றைக் கண்ணீரோடு தின்றுகொண்டிருந்தார். முதலில் என்னைப் பார்த்தவர் அவர்தான். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "நான்தான் சொன்னேனே, அவ நல்லா நீந்துவான்னு" என்றார்.

நெரிடா ஓடி வந்தாள். கையில் என் செருப்பு. அதாலேயே அடிப்பாளோ என்று ஒதுங்கினேன். கட்டிக்கொண்டு குலுங்கினாள்.

"ஏண்டி, உயிரோடவா இருக்க? எங்கடி போய்த் தொலைஞ்ச? பத்து மணி நேரம்டி! கடல்ல மூணு படகு!"

"சும்மா நடந்துட்டு வரலாம்னு... துண்டைக் காணோம்னு பாக்கலையா நீ? துண்டு, கவுன், பை, எல்லாம் எடுத்துட்டுத்தானே போனேன்."

"துண்டு காத்துல பறக்கும்!"

"இன்னைக்குக் காத்தே இல்லையே நெரிடா."

அவள் ஒரு கணம் கடலைப் பார்த்தாள். "வாயை மூடு" என்றாள். பிறகு மறுபடியும் அழுதாள்.

யார் யாரோ வந்து தொட்டுப் பார்த்தார்கள். காய்கறிக் கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, அவரோடு ஆகஸ்டிலிருந்து எனக்குப் பேச்சே கிடையாது. போலீஸ்காரர் நோட்டை மூடி, அடுத்த தடவை செருப்பைப் போட்டுக்கொண்டு போகும்படி மரியாதையாகச் சொன்னார். ஊரே இருந்தது. நான் ஒரு முகத்தைத்தான் தேடினேன்.

"லைல் எங்க?"

நெரிடா செருப்பை என் காலடியில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வீட்லதான் இருக்கான். எட்டு மணிக்கு நானே ஓடிப்போய்ச் சொன்னேன் மெர். 'அவ கடல்ல இல்ல'ன்னான். கதவைச் சாத்திட்டான். அப்புறம் போலீஸ்காரர் போனார், அவர்கிட்டயும் அதே. அதிர்ச்சில இருக்கான்னு விட்டுட்டோம்."

"அப்புறம் வரவே இல்லையா?"

"வரல."

காய்கறிக் கடைக்காரர் வந்திருக்கிறார். மெல்போர்ன்காரர்கள் வண்டியைப் பறக்கவிட்டு வந்திருக்கிறார்கள். முப்பத்தொரு வருஷம் என் கையால் தின்றவன் நான் செத்தேனா பிழைத்தேனா என்று பார்க்க நாலு தெரு தாண்டி வரவில்லை. காலையிலிருந்து வருவதும் போவதுமாக இருந்த முடிவு அங்கேயே உறைந்துவிட்டது. ஆறு மணிக்கு ராஸ்லினிடம் வருகிறேன் என்று சொல்வேன். ஒரே வார்த்தை, நீட்டி முழக்காமல். யார் துணைக்கு வருகிறேன் என்றாலும் வேண்டாம் என்றுவிட்டு, மேட்டுத்தெருவில் விறுவிறு என்று ஏறினேன்.

வாசல் கதவு திறந்திருந்தது. உள்ளே நடையில் என் பெரிய பெட்டி நின்றது. மூடி, வாரைக் கட்டி, கைப்பிடி மேலே இழுத்து வைத்திருந்தது. என்னைத் துரத்தவே தயாராகிவிட்டானா?

லைல் அதற்குப் பக்கத்தில் தரையில், சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான். பேய் வந்ததுபோலப் பார்க்கவில்லை. செத்தவள் திரும்பி வந்தால் பார்க்கிற பார்வையே இல்லை அது.

"எதையாவது மறந்துட்டியா?" என்றான்.

"என்ன கேள்வி இது? ஊரே என்னைக் கடல்ல தேடுது. நீ எனக்குப் பெட்டி கட்டி வச்சிருக்க. அவ்வளவு அவசரமா உனக்கு?"

"ராஸ் கார்ல வந்து உன்னைக் கூட்டிட்டுப் போயிட்டான்னு நினைச்சேன்." எழுந்து சமையல் மேடையிலிருந்து என் போனைக் கொண்டு வந்து நீட்டிவிட்டு மறுபடி தரையில் உட்கார்ந்தான். திரையில் ராஸ்லினின் செய்தி, காலை ஆறு ஐம்பதுக்கு வந்தது. பின்னறைக்கு வெள்ளையடித்தாயிற்று, இன்றைக்கே கிளம்பி வந்தாலும் சரி, லைலிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தது. "அதைப் படிச்ச கொஞ்ச நேரத்துல நெரிடா வந்தா. செருப்பு மட்டும் இருக்குன்னா. செருப்புகூடப் போட்டுக்காம போற அளவுக்கு..."

நான் பெட்டியைப் படுக்கப்போட்டு வாரை அவிழ்த்தேன். கோபத்தில்தான் திறந்தேன், குறை கண்டுபிடிக்க.

மேலே என் தலையணை. இரண்டு இருக்கிறதில் தட்டையானது, அதில்தான் எனக்குத் தூக்கம் வரும். இடது காதுக்கு ஊற்றுகிற சொட்டு மருந்து. குதிகால் வெடிப்புக்குப் பூசுகிற களிம்பு. பாதி போட்ட குறுக்கெழுத்துப் புத்தகம், அதற்குள் பென்சில், அழிக்கிற ரப்பரோடு. விளிம்பு உடைந்த நீலக் கோப்பை, அதில் தவிர வேறெதிலும் நான் டீ குடிக்க மாட்டேன், அவனுடைய கம்பளிக் காலுறைக்குள் பத்திரமாக நுழைத்து வைத்திருந்தது. அலுவலகச் சட்டைகள் நாலு. தேய்த்திருந்தான். இஸ்திரிப் பெட்டியை வாழ்க்கையில் தொட்டிராதவன், ஒன்றின் காலரைப் பொசுக்கி, பொசுக்கியது தெரியாமல் உள்பக்கமாக மடித்திருந்தான். எல்லாவற்றுக்கும் அடியில் என் கனத்த குளிர்காலக் கோட்டு.

"ஜனவரில எதுக்கு லைல் இது?"

"குளிர் வரும்போது வேணுமே."

"அதுக்குள்ள வந்து எடுத்துக்க மாட்டேனா?"

"திரும்பி வருவேன்னு நான் நினைக்கல மெர்."

என் பெயரை அவன் சொல்லி எவ்வளவு நாளாயிற்று என்று எனக்கு நினைவில்லை. அவன் கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன. ரேடியோ பாடவில்லை. அன்று அடிலெய்டில் மேட்ச் நடந்துகொண்டிருந்தது.

"அப்போ ஏன் இதைக் கொண்டுபோய்க் குடுக்கல?"

"ராஸ் வீட்டு வாசல்ல வச்சுட்டுப் பேசாம வந்துடலாம்னுதான் இருந்தேன். கார் வரைக்கும் தூக்கிட்டுப் போனேன். ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் திருப்பிக் கொண்டு வந்துட்டேன்."

"ஒரு போன் போட்டு ராஸ்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ பேசணும். பேச இஷ்டமில்லாமத்தானே சொல்லாம போயிருக்க?"

"கடற்கரைல அத்தனை பேர் அழறாங்க. வந்து சொல்லக்கூடாதா, அவ என்னை விட்டுட்டுப் போயிட்டா, தேடாதீங்கன்னு?"

"கடல்ல இல்லன்னு சொன்னேன். யாரும் கேக்கல." கையைப் பிசைந்தான். "மீதி உன் விஷயம். நீ யார்கிட்டயும் சொல்லாததை நான் எப்படி ஊருக்குச் சொல்றது?"

இந்த ஆளுக்கு என்னைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்றுதான் காலையிலிருந்து ஆடுகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவையும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தானே என்று அவன்மேல் ஆத்திரமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். என் காலில் குத்தியிருந்த நெருஞ்சி முள் ஒன்றை அவன் குனிந்து பார்த்து, நகத்தால் எடுத்துப் போட்டான்.

"நாளையிலேர்ந்து நீ பேசணும் லைல்" என்றேன். "கிரிக்கெட்டைப் பத்தியாவது பேசு. ம்னு சொன்னா நிஜமாவே போயிடுவேன்."

"ம்" என்றவன் பதறிப்போய், "சரி. சரி, பேசறேன்" என்றான்.

ஆறு மணி. கையில் இருந்த போன் அடித்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவன் எழுந்து போகப் பார்த்தான், நான் தனியாகப் பேசிக்கொள்ளட்டும் என்று. சட்டையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"சொல்லுடி" என்றாள் ராஸ்லின். "வரியா, வரலையா?"

"வரல ராஸ். அறையை அந்த நர்சிங் பொண்ணுக்கே விட்டுடு."

"என்னடி இது? நேத்து வரைக்கும் அழுதுட்டு இருந்த. என்ன ஆச்சு திடீர்னு?"

"நான் செத்துட்டேன்னு நினைச்சு இன்னைக்கு ஊரே அழுதுச்சு ராஸ். நான் உயிரோட இருக்கேன்னு நினைச்சு அழுதது இவன் ஒருத்தன்தான்."